போர்ட் போட்டும் மாறாத சிம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி (இதைத்தான் 'போர்ட்' என்கிறோம்) தமிழ்நாட்டுக்கு வந்தது 2011 ஜனவரியில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் "போர்ட் போட்டேன், நடக்கவில்லை" என்று என் செல்போன் கடைப் படியேறுபவர்கள் குறையவில்லை. 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது கடையில் வேறு வேலையே ஓடவில்லை.

"நடக்கவில்லை" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. சிக்கல் பழைய நிறுவனத்திடம் இருக்கலாம், புதிய நிறுவனத்திடம் இருக்கலாம், கையில் இருக்கும் போனிலேயே இருக்கலாம். எங்கே என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போர்ட் கோடு, அதாவது 1900-க்குச் செய்தி அனுப்பினால் பதிலாக வரும் 8 எழுத்துக் குறியீடு, வந்ததா? 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பாக்கி இருக்கிறதா, சேர்ந்து 90 நாள் ஆகிவிட்டதா என்பதையெல்லாம் கோடு தருவதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். ஆகவே கோடு வந்துவிட்டால் பழைய நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ முடிந்தது. அதன் பிறகும் அவர்களுடைய கஸ்டமர் கேரை அழைத்துச் சண்டை போடுவது வீண். கோடு வரவில்லை என்றால் புதிய நிறுவனத்தின் கடையில் போய் நிற்பதும் அதேபோல் வீண்.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

அறிகுறி 1: 1900-க்கு அனுப்பிய குறுஞ்செய்தி போகவே இல்லை

செய்தியின் வடிவத்தை முதலில் பாருங்கள். ஆங்கில எழுத்தில் 'போர்ட்' (பி, ஓ, ஆர், டி), ஒரு இடைவெளி, பிறகு உங்கள் 10 இலக்க எண். முன்னால் 91 வேண்டாம், பூஜ்யம் வேண்டாம், "தயவுசெய்து" வேண்டாம். அனுப்ப வேண்டிய எண் 1900.

இரண்டு சிம் போடும் போனில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது: மாற்ற நினைப்பது முதல் சிம்மை, செய்தி கிளம்புவது இரண்டாவது சிம்மில் இருந்து. செய்திக்குள் எழுதிய எண்ணும் அனுப்பும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் கோடு வராது. செய்தி எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் '1' அல்லது '2' என்று சின்னதாக ஒரு அடையாளம் இருக்கும். அனுப்புவதற்கு முன் அதைத் தொட்டு மாற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் மற்ற சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து இருப்பு. முன்பெல்லாம் குறைந்த விலை ரீசார்ஜில் குறுஞ்செய்தி வசதியே இருக்காது. போர்ட் கேட்க வேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலைக்கு ரீசார்ஜ் செய்தவர்கள் உண்டு. எந்த விலைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் 1900-க்குச் செய்தி அனுப்ப வழி விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் உத்தரவு போட்டது. இருந்தாலும் அந்த ஒரு செய்திக்கான காசை முதன்மை இருப்பிலிருந்து பிடிப்பார்கள். 10 ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள். வேலிடிட்டியே முடிந்து, வெளியே போகும் அழைப்பும் நின்றுபோன சிம் என்றால் டாப்-அப் உதவாமல் போகலாம். அப்போது இருப்பதிலேயே மலிவான வேலிடிட்டி பேக் ஒன்றைப் போடுங்கள். ஒரு மாத பேக் போட்டுவிட்டுக் கோடு கேட்பது பலருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். வேறு வழியில்லை.

இருப்பு சரி, ஆனால் பழைய சிம்மில் டவரே இல்லை என்றால், நெட்வொர்க் அமைப்பில் '2ஜி மட்டும்' என்று மாற்றிப் பாருங்கள். 4ஜி எட்டாத இடத்திலும் சில சமயம் 2ஜி மெலிதாக எட்டும், குறுஞ்செய்திக்கு அது போதும். அதற்கும் டவர் காட்டவில்லை என்றால் டவர் எடுக்கும் ஊருக்குப் போய் அனுப்புவதுதான் வழி. 2018 தொடக்கத்தில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாட்டில் ஏராளமானோர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்: மாறியே ஆக வேண்டும், ஆனால் மாறுவதற்கான செய்தியை அனுப்ப டவர் இல்லை. உங்கள் பகுதியில் ஒரு நிறுவனத்தின் டவர் வாரக்கணக்கில் விட்டு விட்டு வேலை செய்கிறது என்றால், எடுக்கும் நாளிலேயே கோடு வாங்கி மாறிவிடுங்கள்.

அறிகுறி 2: செய்தி போனது, கோடு வரவில்லை

ஒரு பதிலும் வரவில்லையா, மறுத்துப் பதில் வந்ததா?

*பதிலே இல்லை என்றால்:* செய்திச் செயலியில் 'ஸ்பேம்' என்ற மறைவுப் பெட்டி ஒன்று இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். அங்கும் இல்லை என்றால், அண்மையில் சிம் தொலைந்து மாற்றுச் சிம் வாங்கினீர்களா என்று யோசியுங்கள். மாற்றுச் சிம் வேலை செய்யத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி போகவும் செய்யாது, வரவும் செய்யாது. இது மோசடியைத் தடுக்க அரசு வைத்த பூட்டு, கோளாறு இல்லை.

*மறுப்பு வந்தால்:* காரணமும் அதிலேயே இருக்கும். பலரும் முதல் வரியைப் படித்துவிட்டுக் கோபத்தில் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். காரணங்கள் இவைதான்.

90 நாள் ஆகவில்லை. இப்போதைய நிறுவனத்தில் இந்த எண் குறைந்தது 90 நாள் இயங்கியிருக்க வேண்டும். புதுச் சிம்முக்கு மட்டும் அல்ல, வேறு நிறுவனத்தில் இருந்து போர்ட் ஆகி வந்த எண்ணுக்கும் இதே கணக்கு. போன இடம் பிடிக்காவிட்டாலும் அங்கேயே 90 நாள் குப்பை கொட்டியாக வேண்டும். அதனால்தான் போர்ட் போடுவதற்கு முன், போகப் போகும் நிறுவனத்தின் சிம்மை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, வீட்டுப் படுக்கையறையிலும் வேலை பார்க்கும் இடத்திலும் டவர் எடுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். பத்துப் பேரில் ஒருவர்கூட அதைச் செய்வதில்லை.

சிம் மாற்றி 7 நாள் ஆகவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி. தொலைந்தோ பழுதாகியோ மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் கோடு. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

போஸ்ட்பெய்டு பாக்கி. இங்கேதான் அதிகம் வழுக்கும். பில் போட்டாயிற்று, கடைசித் தேதி இன்னும் வரவில்லை, ஆகவே பாக்கி இல்லை என்று நினைப்பார்கள். போட்ட பில் அத்தனையும் கட்டி முடித்திருக்க வேண்டும், கடைசித் தேதி வரவில்லை என்றாலும். கட்டியும் மறுப்பு வந்தால் எங்கே கட்டினீர்கள் என்று பாருங்கள். வேறு செயலி மூலம் கட்டிய பணம் நிறுவனத்தின் கணக்கில் ஏற ஒரு நாள் பிடிக்கலாம். நிறுவனத்தின் சொந்தச் செயலியில் 'பாக்கி 0' என்று காட்டிய பிறகு மறுபடி 1900-க்கு அனுப்புங்கள். சில்லறை பாக்கிகூடத் தடுக்கும்.

குடும்பத் திட்டத்தில் துணை எண்ணாக இருந்தால் பில் முதன்மை எண்ணின் பெயரில் போகும். தம்பியின் எண்ணுக்குக் கோடு வரவில்லை, காரணம் அண்ணனின் பில் பாக்கி என்ற கதையைக் கடையில் அடிக்கடி கேட்கிறேன். முதன்மை எண்ணே வெளியேறுவதாக இருந்தால் துணை எண்களைப் பிரித்துத் தனித்தனியாக்கச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

ஒப்பந்தக் காலம் முடியவில்லை. பிரீபெய்டில் இது அநேகமாகக் கிடையாது. போஸ்ட்பெய்டில், தவணையில் போன் கொடுத்திருந்தாலோ, அழகான எண் ஒன்றை 'இத்தனை மாதம் இந்தத் திட்டத்தில் இருப்பேன்' என்ற பேரில் வாங்கியிருந்தாலோ இருக்கும். கஸ்டமர் கேரிடம் "என் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, இன்றே வெளியேறினால் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வெளியேறும் தொகை மீதி மாதங்களின் வாடகையைவிடக் குறைவு என்றால் கட்டிவிட்டு வெளியே வாருங்கள்; அதிகம் என்றால் மிகக் குறைந்த திட்டத்துக்கு இறங்கிக் காலத்தை ஓட்டிவிடலாம்.

பெயர் மாற்றம் நிலுவையில் இருக்கிறது. அப்பா பெயரில் இருந்த எண்ணை மகன் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருந்தால் அது முடியும்வரை கோடு வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இறந்தவர் பெயரில் உள்ள எண்ணை அப்படியே போர்ட் போட்டு அங்கே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைக் கொடுத்துப் பழைய நிறுவனத்திலேயே பெயரை மாற்றுங்கள். போர்ட் அதற்குப் பிறகு.

நீதிமன்ற வழக்கு, தடை உத்தரவு. இப்படி ஒரு மறுப்பு வந்தால் கடைக்காரனிடம் வராதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

அலுவலகம் கொடுத்த எண் என்றால் கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்கும். அலுவலகத்தின் அங்கீகாரக் கடிதம் இல்லாமல் ஒன்றும் நகராது. வேலையை விடும்போது எண்ணைக் கையோடு கொண்டுபோக நினைப்பவர்கள், கடைசி நாளுக்கு முன்பே மனிதவளத் துறையிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். வெளியேறிய பிறகு கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அறிகுறி 3: கோடு இருக்கிறது, கடையில் விண்ணப்பம் ஏறவில்லை

கோடு 8 எழுத்து, எண்களும் எழுத்துகளும் கலந்தது. தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும்; ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 30 நாள். கோடு வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு அடுத்த வாரம் வருபவர்களிடம் நான் சொல்வது: மறுபடி 1900-க்கு அனுப்புங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

காகிதத்தில் எழுதிக்கொண்டு வராதீர்கள். எழுத்து எது, எண் எது என்று தெரியாமல் முகவர் தவறாக ஏற்றுவார். வந்த செய்தியையே திறந்து காட்டுங்கள். அவர் ஏற்றியதும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு முறை ஒப்பிடுங்கள்.

கைரேகை ஒத்துப்போகவில்லை என்பது அடுத்தது. வயதானவர்கள், வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்கள், சமையல்காரர்கள் ஆகியோருக்கு ரேகை தேய்ந்திருக்கும். விரலை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றை வைத்துப் படம் எடுத்துச் செய்யும் முறை உண்டு. சின்னக் கடைகளில் "முடியாது" என்பார்கள். நிறுவனத்தின் ஷோரூமில் கேளுங்கள். கைரேகைப் பெட்டி எல்லா விரலையும் உடனுக்குடன் மறுக்கிறது என்றால் உங்கள் ஆதாரில் கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் செயலியில் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிவிடலாம்.

"உங்கள் பெயரில் எண்ணிக்கை தாண்டிவிட்டது" என்று வந்தால், ஒருவர் பெயரில் 9 இணைப்புகள்வரைதான் அனுமதி. 'எனக்கு இரண்டுதானே இருக்கிறது' என்பவர்கள் உடனே அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று குறிக்கலாம். போர்ட் நின்றதால் இது வெளியே வந்தது நல்லதற்கே.

வேறு மாநில எண் என்பதற்காகத் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2015 ஜூலை முதல் நாட்டின் எந்த வட்டத்து (தொலைபேசிச் சேவைக்காகப் பிரித்த பகுதி, ஏறத்தாழ ஒரு மாநிலம்) எண்ணையும் எந்த வட்டத்துக்கும் மாற்றலாம். பெங்களூரில் வாங்கிய எண்ணை மதுரையில் போர்ட் போட முடியும்.

அறிகுறி 4: விண்ணப்பம் ஏறியது, நாளாகியும் பழைய சிம்மே ஓடுகிறது

நாளை முதலில் சரியாக எண்ணுங்கள். ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாள்; வட்டம் விட்டு வட்டம், அல்லது அலுவலகப் பெயரில் உள்ள கணக்கு என்றால் 5 வேலை நாள். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராது. பொங்கல் வாரத்தில் போர்ட் போட்டுவிட்டு மாட்டுப் பொங்கலன்று சண்டைக்கு வருவதில் பயன் இல்லை.

கணக்குப்படி நாள் கடந்துவிட்டது என்றால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மாறும் என்று ஒரு செய்தி வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அந்த நேரம்வரை பொறுங்கள். வரவில்லை என்றால் விண்ணப்பம் புதிய நிறுவனத்தின் சரிபார்ப்பில் நிற்கிறது. சரிபார்ப்பு அழைப்பை எடுக்காமல் விட்டீர்களா? தெரியாத எண் என்று துண்டித்தீர்களா? விண்ணப்பம் கொடுத்த கடைக்கே போய், ரசீது எண்ணைச் சொல்லி நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பதில் இல்லை என்றால் புதிய நிறுவனத்தின் கஸ்டமர் கேர். பழைய நிறுவனத்தை அழைத்தால் அவர்கள் சந்தோஷமாகச் சலுகை சொல்வார்கள், உங்கள் விண்ணப்பம் அதனால் ஓர் அங்குலம் நகராது.

இந்தக் காத்திருப்பு நாட்களில் இரண்டைச் செய்யாதீர்கள்: பழைய சிம்மைத் தூக்கி எறிவது, பழைய சிம்முக்குப் பெரிய ரீசார்ஜ் போடுவது. மாறியதும் பழைய பிரீபெய்டின் இருப்பும் மீதி நாட்களும் போனது போனதுதான், கூட வராது. ஆண்டு பேக் போட்டவர்கள் மாறுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அறிகுறி 5: பழைய சிம் செத்தது, புதிய சிம்மில் டவர் இல்லை

பயந்துகொண்டு வரும் அறிகுறி இதுதான், பெரும்பாலும் தானாகச் சரியாவதும் இதுதான். மாற்றம் நடப்பது பெரும்பாலும் இரவில்; இடையில் சில மணி நேரம் இரண்டு சிம்மும் ஊமையாக இருக்கும். விடிந்தும் டவர் இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. போனை அணைத்து, புதிய சிம்மைக் கழற்றிப் போட்டு, மறுபடி இயக்குங்கள். நெட்வொர்க் தேர்வு 'தானியங்கி' என்று இருக்கட்டும். முன்பு '2ஜி மட்டும்' என்று மாற்றியிருந்தால் திருப்பி வையுங்கள். அதை மறந்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.
2. அதே சிம்மை வேறொரு போனில் போடுங்கள். அங்கே டவர் வந்தால் சிம் நல்லது, கோளாறு உங்கள் போனில். அங்கேயும் வரவில்லை என்றால் சிம் இயங்கவில்லை, ஷோரூமுக்குப் போங்கள்.
3. டவர் இருக்கிறது, ஆனால் அழைக்க முடியவில்லை என்றால் முதல் ரீசார்ஜ் போட்டீர்களா என்று பாருங்கள். போர்ட் இலவசம் என்றால் திட்டமும் இலவசம் என்று அர்த்தம் இல்லை.

போனில்தான் கோளாறு என்று தெரிந்தால் மூன்று கேள்விகள். போன் 4ஜி எடுக்குமா? ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பழைய பட்டன் போனில் அந்தச் சிம் உயிர் பெறாது. 4ஜி போனாக இருந்தாலும் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருந்தால் இணையம் ஓடும், அழைப்பு போகாது, அமைப்பில் இயக்கிவிடுங்கள்.

இரண்டாவது, அலைவரிசை. பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவது 700. பழைய 4ஜி போன்கள் சிலவற்றில் அந்த 700 (பேண்ட் 28) இருக்காது. வாசலில் நின்றால் கிடைக்கும், அடுப்படிக்குள் போனால் மறையும். இதற்குச் சிம்மைத் திட்டிப் பயன் இல்லை. போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரத்தில் பேண்ட் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போர்ட் போட வேண்டும்.

மூன்றாவது, பூட்டு. ஒரு நிறுவனம் மலிவாகக் கொடுக்கும் பட்டன் போன்களில் அந்த நிறுவனத்தின் சிம் மட்டும்தான் ஓடும். அமெரிக்காவில் இருந்து அண்ணன் கொண்டுவந்த ஐபோனும் அங்கத்திய நிறுவனத்தோடு பூட்டியதாக இருக்கலாம். 'செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்' என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று எழுதியிருந்தால் பூட்டு இல்லை. வேறு ஏதாவது எழுதியிருந்தால் திறக்க வேண்டியது அமெரிக்க நிறுவனம். அண்ணன் அங்கிருந்து கேட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். இங்கே தெருமுனையில் "அன்லாக் செய்து தருகிறோம்" என்பவரிடம் கொடுத்தால் போனும் போகும், பணமும் போகும். இன்னொரு வேடிக்கை: அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான போன்களில் சிம் செருகும் துளையே கிடையாது. அதற்கு இ-சிம்தான் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வேண்டும். கடையில் சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 6: எல்லாம் ஓடுகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை, யுபிஐ மறுக்கிறது

ஒரு வங்கியின் ஓடிபி மட்டும் வரவில்லையா, எந்த ஓடிபியும் வரவில்லையா? ஒன்று மட்டும் என்றால் அந்த வங்கியிடம் கேளுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் ஒரு நாள் பொறுத்துவிட்டுப் புதிய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.

யுபிஐ செயலிகள் சிம் மாறியதைக் கண்டுபிடித்து, மறுபடி பதிவு செய்யச் சொல்லும். அப்போது உங்கள் சிம்மில் இருந்தே ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். புதிய ரீசார்ஜில் குறுஞ்செய்தி இல்லையென்றால் பதிவு தோற்றுக்கொண்டே இருக்கும், செயலியோ காரணம் சொல்லாது. இரண்டு சிம் போனில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், எண் அதேதான்.

சிலர் அழைத்தால் வருகிறது, வேறு சிலர் அழைத்தால் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்கிறது என்றால், நீங்கள் மாறிய செய்தி ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு இன்னும் எட்டவில்லை. நான்கு நிறுவனத்து எண்களில் இருந்தும் அழைக்கச் சொல்லி, எதில் இருந்து வரவில்லை, எத்தனை மணிக்கு என்று குறித்துப் புகாரில் எழுதுங்கள். "கால் வரவில்லை" என்று மொட்டையாக எழுதினால் அவர்களால் ஒன்றும் தேட முடியாது.

அறிகுறி 7: மாறிய பிறகும் பழைய நிறுவனத்தில் இருந்து பில்

கடைசி பில்லுக்கும் மாறிய நாளுக்கும் இடையில் ஓடிய நாட்களுக்கு ஒரு இறுதி பில் வரும். அது நியாயமானது, "நான்தான் மாறிவிட்டேனே" என்று விடாதீர்கள். கட்டாமல் விட்டால் பழைய நிறுவனம் சொல்லி, புதிய நிறுவனமே உங்கள் இணைப்பைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. சில நூறு ரூபாய்க்காக எண்ணை இழக்க வேண்டாம். கட்டிவிட்டு 'பாக்கி இல்லை' என்ற மின்னஞ்சல் கேளுங்கள்.

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பணம் போகிறது என்றால், வங்கியிலோ யுபிஐயிலோ கொடுத்த தானியங்கிக் கட்டண அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்ட் அதை நிறுத்தாது. நீங்களே போய் ரத்து செய்ய வேண்டும்.

போஸ்ட்பெய்டு எடுத்தபோது கட்டிய வைப்புத்தொகை நினைவிருக்கிறதா? அதைக் கேட்டால்தான் பலருக்கு வருகிறது. 45 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் புகார் கொடுங்கள்.

எண்ணே வேண்டாம், மூட வேண்டும் என்றால்

சிம்மை உடைத்துக் குப்பையில் போட்டால் போஸ்ட்பெய்டு மூடாது, வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். எழுத்தில் மூடச் சொல்லி, கோரிக்கை எண் வாங்குங்கள். பிரீபெய்டு 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுத்திவிடுவார்கள். 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் 20 பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள்.

மூடிய எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகும். ஆகவே மூடுவதற்கு முன்பே வங்கி, ஆதார், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிட்டு, வாட்ஸ்அப் கணக்கை அழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காமலே போர்ட் கோடு வந்தால்

இது பிழை இல்லை, திருட்டு முயற்சி. போர்ட் கோடு என்பது வீட்டுச் சாவி. "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, படித்துச் சொல்லுங்கள் அக்கா" என்று யார் கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், விண்ணப்பமும் ஏறிவிட்டது என்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்: ஆங்கிலத்தில் 'கேன்சல்', இடைவெளி, உங்கள் எண், அனுப்ப வேண்டியது 1900. போர்ட் போட்டுவிட்டு மனம் மாறியவர்களுக்கும் இதே வழி. சிம் செத்துவிட்டது, நீங்களோ போர்ட் கேட்கவே இல்லை என்றால் கடைக்கு வராதீர்கள். வேறு போனில் இருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எங்கே நிறுத்திவிட்டு மேலே போவது

கடைக்காரனால் ஆவது சிம்மையும் போனையும் சோதிப்பது, விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பது, இவ்வளவுதான். அதற்கு மேல் 198-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. உங்கள் நிறுவனத்தின் புகார் மையம் எடுக்கும். எடுப்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி கிடையாது.

சொன்ன கெடுவுக்குள் தீரவில்லை, அல்லது தீர்த்த விதம் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்கும் கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்தப் படிக்கு வந்தாலே பாதி புகார்கள் திடீரென்று தீர்ந்துவிடுகின்றன. டிராய்க்கு எழுதுவதைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் தீர்ப்பதில்லை, நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும். தொலைத்தொடர்புத் துறையிடம் போக வேண்டும் என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

பணம் இழந்திருந்தாலோ, எண் போனதால் தொழில் கெட்டிருந்தாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகள் அங்கே செல்லாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. சேவைக்காக நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. கொண்டுபோக வேண்டியவை: 1900-இல் இருந்து வந்த மறுப்புச் செய்தியின் படம், விண்ணப்ப ரசீது, 198 புகார் எண், மேல்முறையீட்டின் நகல், கட்டிய பில்கள்.